மரச்சில்லு இயந்திரம்

மரச்சில்லு இயந்திரம் என்பது வெட்டிய கிளைகளையும் சிறு தண்டுகளையும் ஒரே அளவான சில்லுகளாக நறுக்கித் தள்ளும் பொறி ஆகும். பட்டறைகளில் இதற்குச் சிப்பர் என்பதே பெயர். மாட்டுத் தீவனம் நறுக்கும் சாப் கட்டரைப் பெரிதாகச் செய்தால் சிப்பர் கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. சோளத்தட்டைக்குப் போதுமான தகடும் போல்ட்டும் பச்சை மரத்தின் அடியைத் தாங்காது.

பழனிமலையில் இதன் தேவை

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. சோலைக்காடும் புல்வெளியும் கலந்திருந்த இம்மேட்டில் சென்ற நூற்றாண்டில் வாட்டில், யூகலிப்டஸ், பைன் ஆகிய அயல் மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வாட்டிலின் பட்டையில் தோல் பதனிட உதவும் டானின் உண்டு. இன்று அது நடாத இடங்களிலும் பரவிப் புல்வெளியை மூடியிருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இம்மலையிலும் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. கீழ்ப்பழனியில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் நிழல் மரங்களைக் கழிக்கும் வேலை ஆண்டுதோறும் உண்டு.

பருத்த மரம் விறகாகப் போய்விடும். மிஞ்சும் கிளையும் கொப்பும்தான் சிக்கல். குவித்துப் போட்டால் கோடையில் காட்டுத்தீக்கு இரை. கொளுத்தினால் மண்ணுக்குச் சேர வேண்டியது புகையாகிறது.

இயங்கும் விதம்

வட்டு வகை, உருளை வகை என இரண்டு உண்டு. உள்ளூர்ப் பட்டறையில் செய்ய ஏற்றது வட்டு வகை. கனத்த எஃகு வட்டில் நீள்துளைகள் வெட்டி, ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு கத்தி பொருத்தப்படும். எதிரே அசையாத நிலைக்கத்தி இருக்கும். கிளை இரண்டுக்கும் நடுவே அறுபட, சில்லு துளை வழியாக மறுபுறம் போகிறது. வட்டின் பின்புறம் பற்றவைத்த துடுப்புகள் அதை வெளிக்குழாயில் வீசி எறிகின்றன.

இதன் உயிர் வட்டின் கனத்தில் இருக்கிறது. 60 செ.மீ. விட்டமும் 25 மி.மீ. தடிப்பும் உள்ள எஃகு வட்டின் எடை ஏறத்தாழ 55 கிலோ. அது நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றும்போது சுமார் 13,700 ஜூல் ஆற்றலைச் சேமித்து வைத்திருக்கும். கணு உள்ள கிளை வந்து வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் 2,600 ஜூல் வெட்டுக்குக் கிடைக்கிறது. இயந்திரம் திணறாமல் இருப்பது இதனால்தான். டிராக்டரின் பின்தண்டு பொதுவாக 540 சுற்று தரும். புல்லி, வி-பெல்ட் கொண்டு அதை 1,000 ஆக்கினால் ஆற்றல் ஏறத்தாழ மூன்றரை மடங்காகிறது. சுழற்சி ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பாடத்தில் படித்ததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. கிளை சிக்கினால் பெல்ட் வழுக்கித் தண்டைக் காப்பாற்றும் என்பது கூடுதல் நன்மை.

சில்லின் நீளத்தையும் கணக்கிடலாம். இரண்டு கத்தி என்றால் நிமிடத்துக்கு 2,000 வெட்டு. ஊட்டு உருளைகள் நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் கிளையைத் தள்ளினால் சில்லு 10 மி.மீ. இருக்கும்.

உயரமும் ஒரு கணக்கு. கொடைக்கானலில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத டீசல் எஞ்சினின் திறனும் அதே அளவு குறையும். 35 குதிரைத்திறன் என்று எழுதியிருப்பது மலையில் 28தான் என்று வைத்துக்கொண்டு, 10 செ.மீ. கிளைக்கு மேல் போகாதபடி வாயை அமைப்பது நல்லது.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை

வட்டை லேத்தில் கடைந்து சமநிலை பார்க்காமல் ஓட்டக்கூடாது. இரண்டு கிலோ எடையுள்ள கத்தி மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி 1,000 சுற்றில் சுழலும்போது 450 கிலோ எடைக்கு ஒப்பான விசையுடன் வெளியே பாயப் பார்க்கும். அதைப் பிடித்திருப்பவை போல்ட்டுகள் மட்டுமே. ஆகவே உயர் இழுவிசை போல்ட் தவிர வேறெதுவும் ஆகாது. பழைய போல்ட்டைத் திரும்பப் போடுவதும் ஆகாது. ஒரு கத்தி மற்றதைவிட 50 கிராம் கூடினாலே தண்டை நொடிக்குப் பதினாறு முறைக்கு மேல் 11 கிலோ விசை உலுக்கும். கத்திகளைச் சாணை பிடித்ததும் ஜோடியாக எடைபோட்டே மாட்ட வேண்டும். கத்திக்கும் நிலைக்கத்திக்கும் இடைவெளி ஒரு மி.மீ. அளவில் இருக்கட்டும். அது கூடினால் கிளை அறுபடாமல் நார் நாராய்க் கிழியும். வட்டைச் சுற்றிய உறை கனத்த தகடாக இருப்பது கட்டாயம்.

இனி, இக்கட்டுரையில் முதன்மையாகப் படிக்க வேண்டிய பகுதி. நிமிடத்துக்கு 20 மீட்டர் என்பது நொடிக்கு 33 செ.மீ. ஒரு மனிதனின் கை முழுதும் உள்ளே போக இரண்டு நொடிதான். கொப்பில் சிக்கிய துண்டோ, சேலை முந்தானையோ, தொளதொளத்த கையுறையோ போதும். உருளை இல்லாத சாய்வாய் வகைகளில் கத்தியே கிளையை இழுத்துக்கொள்வதால் இன்னும் வேகம். ஆகையால் ஊட்டுவாய் கையின் நீளத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். அதன் மேல்விளிம்பில், உடல் பட்டாலே உருளையை நிறுத்தும் தடுப்புக்கம்பி இருக்க வேண்டும். செலவைக் குறைக்க இவ்விரண்டையும் விட்டுவிடுவது வழக்கமாக இருக்கிறது. இவை இல்லாத இயந்திரத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது என்பதே என் கருத்து. பக்கவாட்டில் நின்று அடிப்பக்கத்தை முதலில் விட வேண்டும். குச்சிகளைக் கையால் தள்ளாமல் மற்றொரு நீளக் கொப்பால் தள்ள வேண்டும். எஞ்சினை அணைத்த பின்பும் கனத்த வட்டு நெடுநேரம் சுற்றும். அது நின்று, பூட்டுமுளை செருகிய பிறகே மூடியைத் திறக்கலாம். சரிவில் நிறுத்தும்போது சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வேண்டும்.

சில்லுகளின் பயன்

காப்பிச் செடிக்கும் பழமரங்களுக்கும் மூடாக்காக இடலாம். பச்சைச் சில்லை மண்ணோடு கலந்தால் அழுகும் காலத்தில் மண்ணின் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். மேலே பரப்பினால் அந்தத் தொல்லை குறைவு. தண்டை ஒட்டிக் குவிக்கக்கூடாது. பெருங்குவியல் உள்ளே சூடேறும் என்பதால் தாழ்வாகப் பரப்பி வைக்க வேண்டும்.

வாட்டிலில் ஓர் எச்சரிக்கை உண்டு. அதன் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிருடன் கிடக்கும். முற்றிய காய் உள்ள கிளைகளைச் சில்லாக்கித் தோட்டத்தில் பரப்பினால் களையை நாமே விதைத்ததாகும். காய் முற்றுமுன் வெட்டுவதே சரி. எந்த மரமானாலும், அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் தமிழ்நாடு மலைப்பகுதிகள் மரப் பாதுகாப்புச் சட்டம், 1955இன்படி சொந்த நிலத்திலும் வெட்ட அனுமதி தேவை.