குவாங்சோ பயணம்: தூரமும் நேரமும் செலவும்

சீனாவுக்குச் சரக்குப் பார்க்கப் போகும் நம் வியாபாரிகள் டிக்கட் வாங்கும்போது முதலில் கேட்பது விலையை. அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும். கடையை விட்டுப் புறப்பட்டு, குவாங்சோவில் சரக்கைத் தொட்டுப் பார்க்கும் வரை எத்தனை மணித்தியாலம்?

கட்டுநாயக்கவிலிருந்து குவாங்சோ பையுன் விமான நிலையத்துக்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய 4,000 கி.மீ. ஜெட் விமானம் மணிக்கு 850 முதல் 900 கி.மீ. வரை பறக்கும். ஓடுபாதைக்குப் போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்தால் நேரடிப் பயணம் ஐந்தேகால் மணித்தியாலம் அளவில் முடியும்.

சீன நேரம் நம்மை விட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. நள்ளிரவு 12 மணிக்குப் புறப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இறங்கும்போது நம் நேரம் 5.15, அங்கே காலை 7.45. அன்றே வேலையைத் தொடங்கலாம். திரும்பும்போது அந்த இரண்டரை மணித்தியாலம் கைக்கு வந்துவிடும். ஆனால் மேற்கிலிருந்து வீசும் மேல்வானக் காற்று எதிர்ப்பதால், குறிப்பாக மாரி மாதங்களில், பறக்கும் நேரம் சற்றுக் கூடும். பூமி சுழல்வதால்தான் இந்த வித்தியாசம் என்று சிலர் என்னிடம் சொல்வதுண்டு. அது சரியல்ல, காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது.

இனி மலிவு டிக்கட்டைப் பார்ப்போம். கோலாலம்பூர் வழியாகப் போனால் முதல் கட்டம் சுமார் 2,470 கி.மீ., அடுத்தது 2,610 கி.மீ. மொத்தம் 5,080. பறக்கும் நேரம் மட்டும் ஏழரை மணித்தியாலம். இடையில் ஐந்து மணித்தியாலம் காத்திருந்தால் பன்னிரண்டரை ஆகிவிடும். போக வர 14 மணித்தியாலத்துக்கு மேல் நட்டம்.

டிக்கட்டில் 30,000 ரூபா மிச்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து கூடுதலாக ஓர் இரவு ஹோட்டல் செலவு, சாப்பாடு, நீங்கள் இல்லாத நாளில் கடையில் குறையும் வியாபாரம் ஆகியவற்றைக் கழியுங்கள். கன்டன் கண்காட்சியில் ஒவ்வொரு கட்டமும் ஐந்து நாட்கள்தான். அதில் ஒரு நாள் போனால் ஐந்தில் ஒரு பங்கு போன மாதிரி.

இரண்டு கட்டங்களுக்கும் தனித்தனி டிக்கட் வாங்குவது அதைவிட ஆபத்து. முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறினால், அந்தக் கம்பனி பொறுப்பேற்காது. புது டிக்கட் உங்கள் செலவில். பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க இடைவழி நாட்டு விசாவும் தேவைப்படலாம்.

அதற்காக எப்போதும் நேரடி விமானம்தான் இலாபம் என்று நான் சொல்லவில்லை. அது எல்லா நாளும் கிடைப்பதுமில்லை. கோலாலம்பூரிலும் உங்களுக்கு வேலை இருந்தால் அந்த வழியே நல்லது. அவசரமில்லாத பயணத்துக்கும் அது போதும்.

நான் பயணம் போகுமுன் ஒரு தாளில் நான்கு வரி எழுதுவேன்: கட்டுநாயக்கவில் மூன்று மணித்தியாலம், பறக்கும் நேரம், இடைத்தங்கல், நகரத்திலிருந்து ஏறக்குறைய 28 கி.மீ. தள்ளியிருக்கும் பையுனிலிருந்து ஹோட்டலுக்குப் போகும் நேரம். இரண்டு டிக்கட்டுக்கும் இப்படி எழுதிக் கூட்டி, வரும் வித்தியாசத்தை உங்கள் ஒரு நாள் வருமானத்தோடு ஒப்பிடுங்கள். எந்த டிக்கட் மலிவு என்பது அப்போது தெரியும்.