பெயரும் செடியும்: வீட்டு மூலிகைத் தோட்டம் குறித்துச் சில சிந்தனைகள்

‘மல்லி’ என்று கேட்டால் பூக்கடைக்காரர் ஒன்றைத் தருவார். மளிகைக் கடைக்காரர் வேறொன்றைத் தருவார். இதனால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் ‘கற்றாழை’ என்ற பெயரில் இத்தகைய மயக்கம் நேருமானால் நிலைமை வேறு. உடலுக்குக் குளிர்ச்சி தருவதாகப் போற்றப்படும் சோற்றுக் கற்றாழையும், இருப்புப் பாதையோரங்களில் வேலியாக நிற்கும் இரயில் கற்றாழையும் பெயரளவில்தான் உறவு. பின்னதன் சாறு தோலில் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் உண்டாகக்கூடும்.

எந்த நோய்க்கு எந்த இலை என்பதை அறிவதற்கு முன், எந்தப் பெயர் எந்தச் செடிக்கு உரியது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். முன்பு இவ்வறிவைக் காத்து வந்தவை நம் வீட்டுக் கொல்லைகளே. “கற்பூரவல்லியில் இரண்டு இலை பறித்து வா” என்று உம்மம்மா பேத்தியை அனுப்பியபோது பெயரும் செடியும் ஒருசேரக் கைமாறின. இன்று கொல்லைகள் சுருங்கிவிட்டன. அடுக்குமாடி வீடுகள் பெருகிவிட்டன. பெயர்கள் நாவில் எஞ்சியிருக்க, செடிகள் கண்ணை விட்டு மறைந்துவிட்டன. பொட்டலத்தில் வரும் பொடி எந்த இலையினுடையது என்று சொல்லத் தெரியாதவர்களாக நாம் ஆகிவிட்டோம்.

பெயரையும் செடியையும் பொருத்துவதில் உள்ள இடர்ப்பாட்டை முஸ்லிம் உலகின் அறிஞர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். கிரேக்க மருத்துவர் டயோஸ்கோரிடீஸ் எழுதிய மூலிகை நூல் 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அரபியாக்கம் பெற்றது. இஸ்திஃபான் இப்னு பாஸில் மொழிபெயர்க்க, ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதனைச் சரிபார்த்தார். அரபுப் பெயர் தெரியாத செடிகளைக் கிரேக்கப் பெயரிலேயே விட்டுவைத்தனர். தெரியாததற்குப் பொருந்தாத பெயரைச் சூட்டாமல் இருந்ததே அவர்களுடைய அறிவின் நேர்மை. அடுத்த நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் அந்நூலின் ஓவியங்கள் நிறைந்த கிரேக்கப் படியொன்றைக் கொர்தோபாவுக்கு அனுப்பினார். கி.பி. 951ஆம் ஆண்டளவில் நிக்கோலா என்னும் துறவி அங்கு வந்து சேர்ந்தார். முஸ்லிம் மருத்துவர்களும் யூத அறிஞர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத்தும் அவரோடு அமர்ந்து, எஞ்சிய பெயர்களுக்குரிய செடிகளை ஒவ்வொன்றாக இனங்கண்டனர்.

ஒரே மொழிக்குள்ளும் இம்மயக்கம் உண்டு. திருக்குர்ஆனில் அர்ரஹ்மான், அல்வாகிஆ ஆகிய அத்தியாயங்களில் ‘ரைஹான்’ என்ற சொல் இடம்பெறுகிறது. நறுமணச் செடி என்று விரிவுரையாளர்கள் இதற்குப் பொதுவாகப் பொருள் கூறுவர். ஈராக் முதலிய கிழக்குப் பகுதிகளில் ரைஹான் என்றால் துளசி இனத்தைச் சேர்ந்த ஒரு செடி. அந்தலூஸிலோ அப்பெயர் மிர்ட்டில் என்னும் புதர்ச்செடியைக் குறித்தது. கிரனாடாவின் அல்ஹம்ரா மாளிகையில், நீர்த்தடாகத்தின் இருமருங்கும் மிர்ட்டில் வேலி அமைந்த முற்றத்தை ஸ்பானியர் இன்றும் ‘அர்ராயான்’ முற்றம் என்றே அழைக்கின்றனர். அது அரபுச் சொல்லின் எச்சம்.

13ஆம் நூற்றாண்டில் திமிஷ்கில் வாழ்ந்த மருத்துவர் ரஷீதுத்தீன் இப்னுஸ் ஸூரீ, மூலிகைகளைத் தேடி லெபனான் மலைகளுக்குச் சென்றபோது ஓர் ஓவியரையும் உடன் அழைத்துச் சென்றார். ஒவ்வொரு செடியையும் இளந்தளிராக இருக்கும்போது ஒருமுறையும், முற்றி விதை தாங்கும்போது ஒருமுறையும், உலர்ந்த பின் ஒருமுறையும் வரையச் செய்தார். ஒரு பருவத்தில் மட்டும் கண்ட செடியை மறு பருவத்தில் அடையாளம் காண்பது அரிது என்பதே இதன் காரணம். அந்நூல் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் அவர் மலையேறித் தேடிய அந்த மூன்று பருவக் காட்சியை நம் வீட்டுத் தொட்டி நமக்கு எளிதில் தந்துவிடும்.

தொடங்குவதற்கு அதிக இடம் வேண்டியதில்லை. அடியில் துளையிட்ட சில தொட்டிகள், செம்மண்ணும் மணலும் மட்கிய எருவும் சம அளவில் கலந்த கலவை, நாள்தோறும் 4 முதல் 6 மணி நேர வெயில் ஆகியவை போதும். நோன்பு துறக்கும்போது சர்பத்தில் இடுகிறோமே, அந்தச் சப்ஜா விதையில் ஒரு சிட்டிகையைத் தூவினால் முளைத்து வருவது திருநீற்றுப்பச்சிலை. கிழக்கத்திய அரபிகளின் ரைஹான் அதுவே. கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து, வளரும் இடத்திலேயே விதைக்க வேண்டும்; கடும் வெயிலில் அது விரைவில் பூத்துவிடும். வெந்தயம் சில நாட்களில் முளைத்து, ஏறத்தாழ 25 நாட்களில் கீரையாகும். புதினாவின் முற்றிய தண்டை நட்டால் போதும். ஆனால் அது மண்ணுக்குள் ஓடிப் பரவுவதால் தனித் தொட்டி வேண்டும். கற்பூரவல்லியும் தண்டிலிருந்தே வளரும். நீர் மிகுந்தால் அழுகிவிடும். இலங்கையிலும் நம் கடலோர ஊர்களிலும் நெய்ச்சோற்றுக்கு மணமூட்டும் ரம்பைக்கு ஈரமும் அரைநிழலும் ஏற்றவை. அதன் பக்கக் கன்றைப் பிரித்து நடலாம்.

நபிமொழியால் சிறப்புற்ற கருஞ்சீரகத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். வெங்காய விதையும் அதுவும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் கறுத்து, முனைகளோடு இருக்கும். ஐயம் எழுந்தால், பனிக்காலத் தொடக்கத்தில் வறுக்காத விதையில் சிறிது விதைத்துப் பார்க்கலாம். ஊசிபோல் ஒற்றைத் தாள் எழுந்தால் அது வெங்காயம். இரு வித்திலைகள் விரிந்து, பின்னர் இறகுபோலப் பிரிந்த இலைகள் தோன்றினால் அது கருஞ்சீரகம். வாதத்தால் தீராத ஐயத்தை மண் தீர்த்து வைக்கிறது.

எனினும் செடியை அறிவது வேறு, மருத்துவத்தை அறிவது வேறு. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர், அதனால் விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி ஆவார் என்ற கருத்து நபிமொழித் தொகுப்புகளில் காணப்படுகிறது. வீட்டில் வளர்ந்தது என்பதனாலேயே ஓர் இலை தீங்கற்றதாகிவிடாது. சோற்றுக் கற்றாழையின் மேல்தோலை ஒட்டிக் கசியும் மஞ்சள் பாலை நன்கு கழுவி நீக்காவிடில் வயிற்றுப்போக்கு உண்டாகும். வெந்தயம் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடும்; ஆகவே நீரிழிவுக்கு மருந்துண்போர் அதனை மிகுதியாக உண்ணுமுன் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். கருவுற்ற தாய்மாருக்கும் கைக்குழந்தைகளுக்கும் தேர்ந்த மருத்துவரின் சொல்லின்றி எதையும் மருந்தாகக் கொடுக்கலாகாது. உணவுக்கு மணமும் சுவையும் சேர்க்கும் அளவில் இத்தோட்டம் நமக்குத் துணை; நோய் முற்றிய இடத்தில் அது மருத்துவமனைக்கு மாற்றாகாது.

தொட்டிகள் தளிர்த்த பின் செய்ய வேண்டிய சிறு பணி ஒன்று உண்டு. ஒவ்வொன்றிலும் பெயர்ப்பலகை நட்டு, வீட்டில் வழங்கும் பெயரையும் பிற ஊர்களில் வழங்கும் பெயரையும் பிள்ளைகளைக் கொண்டே எழுதச் செய்யலாம். எல்லாவற்றையும் பறித்துவிடாமல் ஓரிரு செடிகளைப் பூத்து விதை முற்ற விட்டுவைத்தால் மூன்று பருவங்களையும் அவர்கள் காண்பர். ஒருவர் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியுள்ளார்கள். அண்டை வீட்டார் ஒரு தண்டு புதினா கேட்டால், அதன் பெயரையும் குணத்தையும் சேர்த்தே கொடுப்போம்.