மருத்துவப் படிப்புச் சேர்க்கைக் காத்திருப்போர் பட்டியல் (தமிழ்நாடு)

மருத்துவப் படிப்புச் சேர்க்கைக் காத்திருப்போர் பட்டியல் என்பது, எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். ஆகிய படிப்புகளுக்கான கலந்தாய்வில் இடம் கிடைக்காத மாணவர்களை, பின்னர் காலியாகும் இடங்களுக்காகத் தரவரிசைப்படி நிறுத்தி வைக்கும் பட்டியல் ஆகும். தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கான இப்பணியை, சென்னை கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு மேற்கொள்கிறது.

பட்டியல் என ஒருமையில் வழங்கப்பட்டாலும் இது ஒரே வரிசை அன்று. ஒவ்வொரு இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கும் தனித்தனி வரிசை உண்டு. ஆகவே பொதுத் தரவரிசையில் ஒருவர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார் என்பது மட்டும் முடிவைத் தீர்மானிப்பதில்லை. அவருடைய பிரிவில் இன்னும் எத்தனை இடங்கள் காலியாகும், சேர்க்கையின் இறுதி நாளுக்கு எவ்வளவு காலம் உள்ளது, அதுவரை காத்திருக்க அவர் குடும்பத்தால் இயலுமா என்ற மூன்றும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன. இக்கட்டுரை விழுப்புரம் மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை விளக்குகிறது.

## பின்னணி

தமிழ்நாட்டில் தொழிற்கல்விப் படிப்புகளுக்கு 1984 முதல் 2006 வரை மாநில நுழைவுத் தேர்வு நடத்தப்பட்டது. 2007இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி அத்தேர்வு நீக்கப்பட்டு, பிளஸ் டூ மதிப்பெண்களே அடிப்படையாயின. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200க்குக் கணக்கிடப்பட்ட எண் 'கட்-ஆஃப்' என்று அழைக்கப்பட்டது. இம்முறை 2016 வரை நீடித்தது. கால் மதிப்பெண் வேறுபாட்டிலேயே ஏராளமானோர் நெருங்கி நின்றதால், ஒரே மதிப்பெண் பெற்றவர்களைப் பிரிக்கப் பாட மதிப்பெண், பிறந்த தேதி ஆகியவற்றுக்குப் பின் இறுதியாகக் கணினி வழங்கும் ரேண்டம் எண் பயன்பட்டது.

நாடு முழுமைக்குமான நீட் தேர்வு முதன்முதலில் 2013 மே 5 அன்று நடைபெற்றது. அதே ஆண்டு ஜூலை 18இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாது என அறிவித்தது. 2016 ஏப்ரல் 11இல் அத்தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டு மாநில அரசின் இடங்களுக்கு விலக்குக் கிடைத்தது. 2017 முதல் தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டு இடங்களும் நீட் மதிப்பெண் அடிப்படையிலேயே நிரப்பப்படுகின்றன. விலக்குக் கோரி 2021இலும் மீண்டும் 2022இலும் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்ட முன்வடிவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதை, 2025 ஏப்ரலில் அன்றைய முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் தெரிவித்தார்.

## இடங்களின் பகுப்பு

விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி, விழுப்புரம்–திண்டிவனம் சாலையில் உள்ள முண்டியம்பாக்கத்தில் 2010இல் 100 இடங்களுடன் தொடங்கப்பட்டது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுள் கள்ளக்குறிச்சியும் ஒன்று.

உள்ளூரில் கல்லூரி இருப்பதால் உள்ளூர் மாணவருக்கு முன்னுரிமை உண்டு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது சரியன்று. திருவெண்ணெய்நல்லூர் மாணவரும் திருநெல்வேலி மாணவரும் முண்டியம்பாக்கத்து இடத்திற்கு ஒரே பட்டியலில்தான் போட்டியிடுகின்றனர். மாவட்ட வாரியான ஒதுக்கீடு ஏதும் இல்லை.

100 இடங்கள் உள்ள ஓர் அரசுக் கல்லூரியில் 15 இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டிற்குச் செல்கின்றன. எஞ்சிய 85 இடங்களை மாநிலத்தின் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டின்படி பகுத்தால் கிடைக்கும் ஏறத்தாழக் கணக்கு பின்வருமாறு:

* பொதுப் பிரிவு (31 விழுக்காடு) – 26
* பிற்படுத்தப்பட்டோர் (26.5 விழுக்காடு) – 22 அல்லது 23
* பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் (3.5 விழுக்காடு) – 3
* மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் (20 விழுக்காடு) – 17
* பட்டியல் சாதியினர் (15 விழுக்காடு) – 13
* அருந்ததியர் (3 விழுக்காடு) – 2 அல்லது 3
* பழங்குடியினர் (1 விழுக்காடு) – 1

இவற்றுள் 7.5 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 6 இடங்கள், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான உள் ஒதுக்கீடாகும். 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்கள் இதற்குத் தகுதி பெறுவர். நீதிபதி பொ. கலையரசன் ஆணையம் 10 விழுக்காடு பரிந்துரைத்தது. 2020இல் இயற்றப்பட்ட சட்டம் 7.5 விழுக்காடு என வரையறுத்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அரசுப் பள்ளிகளையே பெரிதும் சார்ந்துள்ள விழுப்புரம் போன்ற மாவட்டங்களுக்கு இவ்வரிசை முதன்மையானது.

மேற்கண்ட கணக்கு ஓர் உண்மையைக் காட்டுகிறது. ஒரு பிரிவில் இடங்கள் எவ்வளவு குறைவோ, அந்த அளவுக்கு அதன் காத்திருப்போர் வரிசையும் மெதுவாக நகரும். பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் 20ஆவதாக நிற்பவருக்கு உள்ள வாய்ப்பு, பழங்குடியினர் வரிசையில் 20ஆவதாக நிற்பவருக்கு இல்லை.

## பட்டியல் நகரும் விதம்

இடம் பெற்ற ஒருவர் விலகும்போதுதான் காத்திருப்போர் வரிசை நகர்கிறது. ஒருவர் ஜிப்மர், எய்ம்ஸ் போன்ற மத்திய நிறுவனங்களில் இடம் பெற்றுச் செல்லலாம். அகில இந்திய ஒதுக்கீட்டில் விரும்பிய கல்லூரியைப் பெறலாம். பொறியியல் போன்ற வேறு படிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டணம் செலுத்த இயலாமல் தனியார் கல்லூரி இடத்தைக் கைவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் இடம் பெற்ற ஒருவர் புதுச்சேரி ஜிப்மருக்குச் செல்வதாகக் கொள்வோம். அவ்விடத்திற்கு அதே பிரிவில் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியில் உள்ளவர் மாறுகிறார். செங்கல்பட்டு இடத்திற்கு முண்டியம்பாக்கத்தில் உள்ளவர் மாறுகிறார். முண்டியம்பாக்கத்தில் காலியான இடம், அப்பிரிவின் காத்திருப்போருள் முதலில் நிற்பவருக்குக் கிடைக்கிறது. ஒரு விலகல் இங்கு மூன்று கல்லூரிகளில் மாற்றத்தை உண்டாக்கினும், புதிதாக உள்ளே வருபவர் ஒருவரே. இரண்டாம் சுற்றில் பல கல்லூரிகளில் ஒதுக்கீடு மாறியிருப்பதைக் கண்டு, அத்தனை புதிய இடங்கள் கிடைத்துவிட்டதாக எண்ணுவது பிழை.

காலியிடம் எந்தப் பிரிவில் தோன்றியதோ அந்தப் பிரிவிலேயே நிரப்பப்படும். பொதுப் பிரிவில் இடம் பெற்ற மிகவும் பிற்படுத்தப்பட்ட மாணவர் ஒருவர் விலகினால், அவ்விடம் பொதுத் தரவரிசையில் அடுத்து நிற்பவருக்கே உரியது. விலகியவரின் சமூகப் பிரிவுக்கு உரியதன்று. தகுதியானோர் இல்லாமையால் நிரம்பாத அருந்ததியர் ஒதுக்கீட்டு இடங்கள் பிற பட்டியல் சாதியினரைக் கொண்டு நிரப்பப்படுகின்றன.

## அகில இந்திய ஒதுக்கீட்டின் தாக்கம்

1984இல் உச்ச நீதிமன்றம் அளித்த பிரதீப் ஜெயின் வழக்குத் தீர்ப்பின் வழியே அகில இந்திய ஒதுக்கீடு உருவானது. 1986இல் இளநிலைப் படிப்புகளுக்கு இது 15 விழுக்காடாக வரையறுக்கப்பட்டது. முன்னாளில் இவ்வொதுக்கீட்டில் இரண்டு சுற்றுகளுக்குப் பின் நிரம்பாத இடங்கள் மாநிலங்களுக்குத் திருப்பி அளிக்கப்பட்டன. தமிழ்நாட்டின் காத்திருப்போர் பட்டியலில் இருந்தோர் பெரிதும் எதிர்பார்த்தது இவ்விடங்களையே.

2021-22ஆம் கல்வியாண்டு முதல் இந்நிலை மாறியது. மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு, மூன்றாம் சுற்றையும் எஞ்சிய காலியிடங்களுக்கான சுற்றையும் தானே நடத்துகிறது. எனவே இடங்கள் மாநிலத்திற்குத் திரும்புவதில்லை. பழைய ஆண்டுகளில் பட்டியல் நகர்ந்த அளவை வைத்து இன்றைய வாய்ப்பைக் கணிப்போர் இம்மாற்றத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும். எனினும் மாநில ஒதுக்கீட்டில் சேர்ந்தவர் அகில இந்திய ஒதுக்கீட்டிற்கு மாறுவதால் உண்டாகும் காலியிடங்கள் மாநில வரிசைக்கே வருகின்றன.

ஜிப்மர் 2019 வரை தனி நுழைவுத் தேர்வு நடத்தியது. 2020 முதல் அதன் இடங்களும் நீட் தரவரிசையின்படி நிரப்பப்படுகின்றன.

## இறுதி நாள்

மருத்துவச் சேர்க்கைக்குரிய கால அட்டவணையைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2005ஆம் ஆண்டு மிருதுள் தர் வழக்கிலும் 2012ஆம் ஆண்டு பிரியா குப்தா வழக்கிலும் அறிவுறுத்தியது. நெடுங்காலம் செப்டம்பர் 30 இறுதி நாளாக இருந்தது. 2020க்குப் பின் தேர்வு தள்ளிப்போன ஆண்டுகளில் இந்நாளும் தள்ளி வைக்கப்பட்டது. இறுதி நாளுடன் காத்திருப்போர் பட்டியல் காலாவதியாகிறது; அடுத்த ஆண்டிற்கு அது தொடர்வதில்லை.

தவறேதும் செய்யாத மாணவர் நிர்வாகப் பிழையால் இடம் இழந்தால் என்ன செய்வது என்ற வினாவுக்கு, 2019 டிசம்பர் 13 அன்று எஸ். கிருஷ்ண சிரத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் விடையளித்தது. மாணவர் காலந்தாழ்த்தாமல் நீதிமன்றத்தை அணுகியிருந்தால், அரிதான நேர்வுகளில் இறுதி நாளிலிருந்து ஒரு மாதத்திற்குள் சேர்க்கை வழங்க ஆணையிடலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். 2024 டிசம்பரில், நிரம்பாத இடங்களுக்காகச் சிறப்புச் சுற்று நடத்தி அம்மாதம் 30ஆம் நாளுக்குள் சேர்க்கையை முடிக்க அதே நீதிமன்றம் அனுமதித்தது. இவை விதிவிலக்குகளே.

## காத்திருத்தலும் பொருளாதார நிலையும்

2020 நவம்பர் 18 அன்று சென்னை நேரு விளையாட்டரங்கில் கலந்தாய்வு தொடங்கியது. 7.5 விழுக்காடு ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்த முதல் ஆண்டு அது. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்திற்கு ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ 4 இலட்சம் ரூபாய். அரசுக் கல்லூரியிலோ அது சில ஆயிரங்களே. தனியார் கல்லூரி இடம் கிடைத்த அரசுப் பள்ளி மாணவருள் சிலர் கட்டணத்திற்கு அஞ்சி அதனை ஏற்காமல் திரும்பினர். பின்னர், இவ்வொதுக்கீட்டு மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என அன்றைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி அறிவித்தார். முன்னதாகவே இவ்வறிவிப்பு வந்திருந்தால் தாம் இடத்தை ஏற்றிருப்போம் எனக் கூறி, பாதிக்கப்பட்டோர் சிலர் உயர் நீதிமன்றத்தை நாடினர்.

காத்திருத்தல் எல்லோருக்கும் ஒரே விலையுடையதன்று என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. ஓராண்டு பயிற்சி மையத்தில் சேர்ந்து மீண்டும் தேர்வெழுத வசதியுள்ள குடும்பம் துணிந்து காத்திருக்கலாம். கூலி வருமானத்தில் வாழும் குடும்பத்தால் அது இயலாது. 2021இல் நீதிபதி ஏ. கே. ராஜன் குழு அளித்த அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தோருள் மீண்டும் முயன்று வந்தவர்களின் பங்கு 2016-17இல் ஏறத்தாழ 12 விழுக்காடாக இருந்து, 2020-21இல் ஏறத்தாழ 71 விழுக்காடாக உயர்ந்தது.

## நீண்ட காத்திருப்புக்கு உள்ளான ஆண்டுகள்

* 2015: மே 3 அன்று நடைபெற்ற அகில இந்திய முன்மருத்துவத் தேர்வை முறைகேடு காரணமாக ஜூன் 15இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஜூலை 25இல் மறுதேர்வு நடைபெற்றது.
* 2017: பிளஸ் டூ முடிவு மே 12இலும் நீட் முடிவு ஜூன் 23இலும் வெளியாயின. விலக்குக் கிடைக்குமா என்பது ஆகஸ்ட் 22 வரை தெரியவில்லை. அன்று உச்ச நீதிமன்றம் நீட் அடிப்படையில் சேர்க்கை நடத்த ஆணையிட்டது. பிளஸ் டூவில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்று இவ்வழக்கில் தன்னையும் இணைத்துக்கொண்ட அரியலூர் மாவட்ட மாணவி அனிதா, செப்டம்பர் 1 அன்று உயிரிழந்தார்.
* 2021: தேர்வு செப்டம்பர் 12இல் நடைபெற்றது. மாநிலக் கலந்தாய்வு 2022 ஜனவரியில்தான் தொடங்கியது.
* 2024: ஜூன் 4இல் வெளியான முடிவு சர்ச்சைக்குள்ளானது. மறுதேர்வு தேவையில்லை என உச்ச நீதிமன்றம் ஜூலை 23இல் கூறியபின், ஜூலை 26இல் திருத்திய முடிவு வெளியானது.

## காத்திருக்கும் மாணவர் கவனிக்க வேண்டியவை

முன்னர்க் கலந்தாய்வுக்கு நேரில் வர வேண்டியிருந்தது. திருவெண்ணெய்நல்லூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 180 கி.மீ. தொலைவில் உள்ளது. 2022 ஜனவரி முதல் பொதுக் கலந்தாய்வு இணையவழியில் நடைபெறுகிறது. இதனால் பயணச் செலவு குறைந்தது. ஆயினும் அறிவிப்பைத் தவறவிடும் இடர் கூடியுள்ளது. சில சுற்றுகளில் ஒதுக்கீட்டிற்கும் கல்லூரியில் சேர்வதற்கும் இடையே சில நாட்களே கிடைக்கின்றன.

* தன் பிரிவில் தனக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கின்றனர் என்பதையே கணக்கிட வேண்டும். பொதுத் தரவரிசையை அன்று.
* சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், பள்ளியில் பயின்றமைக்கான சான்றிதழ் ஆகியவற்றை முன்னரே பெற்றிருத்தல் நலம்.
* இடைக்காலத்தில் வேறு படிப்பில் சேர்வோர், விலகினால் கட்டணத்தையும் மூலச் சான்றிதழ்களையும் திரும்பப் பெறும் விதிகளைச் சேர்வதற்கு முன் அறிய வேண்டும். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வைத்துக்கொள்ளக் கூடாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவுறுத்தியுள்ளது.
* பின்னைய சுற்றுகளில் இடத்தை ஏற்றபின் விலகினால் வைப்புத்தொகையை இழக்கவும், தொடர்ந்து பங்கேற்கத் தடை பெறவும் நேரிடலாம். விதிகள் ஆண்டுதோறும் மாறுவதால் அவ்வாண்டின் தகவல் தொகுப்பேட்டைப் படிப்பது இன்றியமையாதது.
* மன அழுத்தத்திற்கு உள்ளாகும் மாணவரும் பெற்றோரும் 104 அல்லது 14416 என்ற எண்களில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

## பிற நாடுகளில்

இலங்கையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, இசட் புள்ளி அடிப்படையில் மாணவரைத் தெரிவு செய்கிறது. மருத்துவத்திற்கு 40 விழுக்காடு இடங்கள் நாடு தழுவிய திறமை அடிப்படையிலும், 55 விழுக்காடு மாவட்ட அடிப்படையிலும், 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. ஆகவே தமிழ்நாட்டில் இல்லாத மாவட்ட வரிசை அங்கு உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் தனக்கெனத் தனிப் பட்டியலைப் பேணுகிறது. ஒருவர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளின் பட்டியல்களில் இருக்க இயலும். அங்கு ஒரு பட்டியலில் ஒருவரது நிலை வெளியிடப்படாமலும் இருக்கலாம். தமிழ்நாட்டு முறையில் தரவரிசை அனைவரும் காண வெளியிடப்படுவதால், காத்திருப்பவர் தன் நிலையைத் தானே கணக்கிட்டு அறிய முடிகிறது.