நெல்லும் துருப்பிடிக்கும்!

பிசான நடவு முடிந்து மூன்று வாரம். சுரண்டை வட்டாரத்தில் வயல்கள் பச்சைப் பசேலென்று நிற்க வேண்டிய நேரம். ஆனால், ஏதாவது ஒரு வயலில் பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாகவே நிற்கும். அடி இலைகளில் துருப் போலப் பழுப்புப் புள்ளிகள் விழும். குருத்து இலையின் நடுநரம்பு வெளுக்கும்.

“யூரியா போதவில்லை” என்று இன்னொரு மூட்டையைக் கொட்டுவார் குடியானவர். மூட்டை தீரும், துரு தீராது.

குற்றவாளி யார்?

வடக்கே இமயமலை அடிவாரத்திலும் இந்தக் கோளாறு இருந்தது. அங்கே அதன் பெயர் ‘கைரா’. பந்த்நகர் விவசாயப் பல்கலைக்கழக விஞ்ஞானி நேனே, 1966-ம் ஆண்டில் காரணத்தை வெளியிட்டார். பூச்சி அல்ல, பூஞ்சணமும் அல்ல. பயிருக்குத் துத்தநாகம் போதவில்லை!

இரும்பு வாளி துருப்பிடிக்காமல் இருக்கப் பூசுகிறார்களே, அதே துத்தநாகம்தான்.

பயிரிலும் நம் உடம்பிலும் ‘என்சைம்’ என்ற பொருள்கள் உண்டு. சோற்றை மெல்ல மெல்ல இனிக்கிறதே, அது எச்சிலில் உள்ள என்சைம் செய்யும் வேலை. பல என்சைம்களுக்கு உள்ளே துளி உலோகம் இருந்தால்தான் வேலை நடக்கும். கலப்பை மரம்தான், ஆனால், மண்ணைக் கீறுவது இரும்புக் கொழு அல்லவா? அப்படித்தான்.

நம் ரத்தத்தில் கரியமில வாயுவைக் கரைத்து அனுப்பும் என்சைம் ஒன்று இருக்கிறது. வினாடிக்குச் சுமார் 10 லட்சம் தடவை வேலை செய்யும் சூரன்! அதன் ‘கொழு’ துத்தநாகம் என்று இங்கிலாந்தில் கெய்லின், மான் என்ற இருவர் 1940-ல் காட்டினார்கள். துத்தநாகத்தை எடுத்துவிட்டால் சூரன் படுத்துவிடுவான்.

என்ன செய்யலாம்?

ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து, நடவுக்கு முன் தூவ வேண்டும். டி.ஏ.பி.யோடு சேர்த்துப் போடுவது காசைக் கரியாக்கும் வேலை. மணிச்சத்து, துத்தநாகத்தைக் கட்டிப் போட்டுவிடும். நின்ற பயிரில் துரு கண்டால், 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிங்க் சல்பேட்டும் 100 கிராம் யூரியாவும் கரைத்துத் தெளிக்கலாம்.

21 வயதுச் ‘சிறுவன்’

பயிர் மட்டுமா குட்டையாகும்? பீகாரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத், 1958-ல் ஈரானில் ஒரு வாலிபரைப் பார்த்தார். வயது 21. தோற்றமோ 10 வயதுப் பையன்! சாப்பாடு வெறும் ரொட்டி. இறைச்சி இல்லை. மண்ணும் தின்பாராம். தானியத்தின் தவிட்டில் உள்ள ஒரு பொருள், துத்தநாகம் உடம்பில் சேராமல் தடுத்துவிடும். பின்னர் எகிப்தில் இப்படிக் குன்றியிருந்த வாலிபர்களுக்கு அவர் துத்தநாகம் கொடுத்துப் பார்த்தார். ஒரு வருஷத்தில் சுமார் 5 அங்குலம் வளர்ந்தார்கள்!

குழந்தைக்குப் பேதி கண்டால் இந்தத் துத்தநாகமும் வெளியேறிவிடும். அதனால்தான் உப்புச் சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் கொடுக்க வேண்டும் என்று 2004-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம். அதற்குக் குறைந்த வயதென்றால் பாதி. கரண்டியில் தாய்ப்பாலோ கொதித்து ஆறிய நீரோ விட்டுக் கரைத்துப் புகட்டலாம். பேதி பெரும்பாலும் சில நாளிலேயே நின்றுவிடும். தாய்மார் பலர் மாத்திரையையும் அன்றே நிறுத்திவிடுகிறார்கள். கணக்கு 14 நாள்.