புனைபெயர் வைக்கப் போறீங்களா? முதல்ல இதைப் படிங்க!

முதல் கதை ரெடி. எந்தப் பெயரில் அனுப்புவது? புதிதாக எழுதுபவர்கள் பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

எஸ்.ரங்கராஜன் எழுத வந்தபோது, பத்திரிகை உலகில் ரா.கி.ரங்கராஜன் ஏற்கெனவே இருந்தார். குழப்பம் வேண்டாமென மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு 'சுஜாதா' ஆனார். காரணம் அவ்வளவு சிம்பிள்.

துவரங்குறிச்சி ரொக்கையாவுக்கு அப்படியில்லை. எழுதுவது வீட்டுக்குத் தெரிந்தாலே பிரச்சினை. 'சல்மா' என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் கவிதைகளை வெளியே அனுப்பினார். 2025-ல் மாநிலங்களவை உறுப்பினரானபோதும் அவர் 'கவிஞர் சல்மா'தான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, எழுதியவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. ஆனால், யார் எழுதியது என்றே தெரியாத புனைபெயர்ப் படைப்புக்கு, வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள்தான். அதாவது, 25 வயதில் புத்தகம் போட்டால் 85 வயதில் உரிமை போச்சு! அதற்குள் எழுத்தாளரும் பதிப்பாளரும் உண்மைப் பெயரைப் பொதுவெளியில் சொல்லிவிட்டால், பழைய கணக்கே பொருந்தும்.

வாசகரிடம் மறைக்கலாம்; ஒப்பந்தத்தில் மட்டும் சொந்தப் பெயரையே எழுதுங்கள். 'நிலாக்காதலன்' பெயரில் வரும் ராயல்டி செக்கை எந்த வங்கியில் போடுவீங்க?