நூலகப் பணியாளரும் கணினித் தமிழும்

பவானிபூரிலிருந்து மேற்கே போய், இங்குள்ளவர்கள் ஆதி கங்கை என்று கும்பிடும் டாலி நாலாவின் பாலத்தைத் தாண்டினால் அலிப்பூர். அங்கே மிருகக்காட்சி சாலைக்கு எதிர்ப்புறம் பெல்வெடியர் தோட்டம். நம்மவர்கள் பிள்ளைகளைப் புலி பார்க்கக் கூட்டிப் போவார்கள். எதிர்வாசலுக்குள் நுழைந்து பார்த்தவர்கள் குறைவு. அந்த வாசலுக்குள்தான் தேசிய நூலகம் இருக்கிறது. 1903-இல் கர்சன் பிரபு மெட்காஃப் ஹாலில் இம்பீரியல் நூலகம் என்று திறந்து வைத்தது, 1948-இல் தேசிய நூலகம் என்று பெயர் மாறி, 1953 பிப்ரவரி முதல் தேதி பெல்வெடியரில் மௌலானா ஆசாத் கையால் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

அதற்குள்ளே நமக்குச் சொந்தம் கொண்டாட ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் ச. வையாபுரிப்பிள்ளை (1891-1956) வாழ்நாளெல்லாம் சேர்த்த அச்சு நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் அங்கே தனித் தொகுப்பாக இருக்கின்றன. நம் பவானிபூர்க்காரர் சர் அசுதோஷ் முகர்ஜியின் வீட்டிலிருந்து 1949-இல் போன 80,000-க்கும் மேற்பட்ட புத்தகங்களும் அதே நூலகத்தில்தான். போதாதற்கு, 1954-ஆம் வருஷத்து நூல் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு தமிழ்ப் புத்தகத்திலும் ஒரு பிரதியைப் பதிப்பாளர் இங்கே அனுப்ப வேண்டும். திருநெல்வேலியில் அச்சடித்தாலும் சரி, ஆரணியில் அச்சடித்தாலும் சரி, ஒரு பிரதி அலிப்பூருக்கு வந்தாக வேண்டும்.

வந்து சேர்வது ஒரு பாதி. தேடினவன் கையில் கிடைப்பது மறு பாதி. அந்த மறு பாதி முழுவதும் கணினியின் முன் உட்காரும் பணியாளர் கையில் இருக்கிறது. அது எங்கும் அப்படித்தான், பெரிய நூலகமானாலும் சங்கத்தின் இரண்டு பீரோவானாலும். அவர்கள் என்ன கற்க வேண்டியிருக்கிறது, அதில் நமக்கு என்ன வேலை என்பதை எனக்குத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன். நான் நூலகப் படிப்புப் படித்தவனல்ல. நாற்பது வருஷமாகப் பேரேடு எழுதியவன்.

நூலகத்துக்குப் படிப்பு வேண்டும் என்பதையே நம் நாட்டுக்குச் சொல்லித் தந்தவர் சீர்காழிக்காரர். கணக்கு வாத்தியாராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வேலை கிடைத்த பிறகுதான் லண்டன் போய் வேலையைக் கற்றுக்கொண்டார்! திரும்பி வந்தவர் தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. 1929-இல் சென்னை நூலகச் சங்கத்தின் மூலம் கோடைப் பள்ளி நடத்தி, வேலையில் இருந்தவர்களையே உட்கார வைத்துப் பாடம் சொன்னார். கல்கத்தாவில் இம்பீரியல் நூலகர் கான் பகதூர் அசதுல்லா 1935-இல் பயிற்சி வகுப்பு தொடங்கினார். அந்தக் காலத்துப் புதுக் கருவி அட்டைப் பெட்டி. மூன்றங்குலத்துக்கு ஐந்தங்குல அட்டையில் எதை முதலில் எழுதுவது, எதை எப்படி வரிசைப்படுத்துவது என்பதுதான் பாடம்.

அட்டைக்கும் கணினிக்கும் ஒரே வித்தியாசம்தான். அட்டைப் பெட்டியில் தேடுகிறவனுக்குக் கண் உண்டு. 'வையாபுரிப்பிள்ளை' என்று ஓர் அட்டையும், 'வையாபுரி பிள்ளை' என்று அடுத்த அட்டையும் இருந்தால், விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது இரண்டும் ஒருவர்தான் என்று நமக்கே தெரிந்துவிடும். கணினிக்கு அந்தக் கண் கிடையாது. நடுவில் ஒரு 'ப்' இருக்கிறது, இல்லை. ஓர் இடைவெளி இருக்கிறது, இல்லை. அதற்கு அது வேறு ஆள். முன்னெழுத்தை ஒருவர் 'ச.' என்பார், இன்னொருவர் 'எஸ்.' என்பார். ஆக ஒரே மனிதர் நாலு பேராகிவிடுகிறார்.

கடைக்காரர்களுக்கு இது புதிதல்ல. பேரேட்டில் ஒரே வாடிக்கையாளர் பேரில் இரண்டு பக்கம் திறந்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு பக்கத்தில் பாக்கி நிற்கும், இன்னொரு பக்கத்தில் பணம் வரவாகி நிற்கும், இருவரும் சண்டை போடுவோம். கடையில் டாலி மென்பொருள் போட்ட முதல் வருஷம் எனக்கு இதே கதைதான். நூலகத்தார் இதற்கு 'அத்தாரிட்டி ஃபைல்' என்று ஒன்று வைக்கிறார்கள். ஓர் ஆசிரியருக்கு ஒரே ஒரு பெயர் வடிவத்தை நிலையாக வைத்து, மற்ற வடிவங்களையெல்லாம் 'இதைப் பார்க்க' என்று அதனோடு கட்டிவிடுவது. உலக நூலகங்களின் பெயர்க் கோப்புகளையெல்லாம் இணைத்து 'வியாஃப்' என்ற ஒன்றும் இணையத்தில் இருக்கிறது. கருவி தயார். ஆனால் எந்த நாலு பெயர் ஒருவர் என்பதைக் கருவி சொல்லாது. தமிழ் தெரிந்த மனிதர் சொல்ல வேண்டும்.

எங்கள் சமயத்து உதாரணம் ஒன்று. 1936-இல் நீலகேசியை உரையோடு பதிப்பித்தவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். தமிழில் சமணர் செய்த இலக்கியங்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1941-இல் பீகாரிலுள்ள ஆராவிலிருந்து வந்தது. இவர் பெயரை வங்காளத்துப் பணியாளர் பார்த்தால் என்ன நினைப்பார்? சக்கரவர்த்தி என்பது இங்கே தெருவுக்கு நாலு வீட்டுக் குடும்பப் பெயர். 'அ.' என்பது அமியோவா, அஜித்தா என்றுதான் யோசனை ஓடும். வேறு ஊர்ப் பணியாளராக இருந்தால் கடைசியில் நிற்கும் 'நயினார்' என்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வார். தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்து தகப்பனார் பெயரோ ஊரோ, நடுவில் நிற்பதுதான் ஆளின் பெயர். இதை யாராவது சொன்னால்தானே தெரியும்? உ.வே. சாமிநாதையரில் 'உ' உத்தமதானபுரம், 'வே' தகப்பனார் வேங்கடசுப்பையர். படிவத்தில் 'லாஸ்ட் நேம்' என்று கட்டம் போட்ட வெள்ளைக்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது!

பொருள் தலைப்பிலும் இதே கூத்து. சமணம், ஜைனம், சைனம், ஆருகதம் என்று நாலு பெயரில் புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்றைத் தட்டினால் மற்ற மூன்றும் வர வேண்டும் என்றால், யாரோ ஒருவர் உட்கார்ந்து கட்டி வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது எழுத்து. 1990-களில் கணினியில் தமிழ் அடித்தவர்களுக்குத் தெரியும். ஆளுக்கொரு எழுத்துரு. பாமினியில் அடித்ததை அது இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாகத் தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு தமிழ் 99 விசைப்பலகையையும் இரண்டு குறியீட்டு முறைகளையும் ஏற்றது. 2010-இல் யூனிகோடு அரசின் தரமானது. அதற்கு முன்பு எழுத்துருவை நம்பித் தட்டி வைத்த பட்டியல்களையெல்லாம் மாற்றியாக வேண்டும். மாற்றித் தரும் மென்பொருள் உண்டு. ஆனால் மாற்றியதை ஒரு கண் படித்துப் பார்க்க வேண்டும்.

யூனிகோடு வந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் நினைத்தேன். நகரத்தில் ஒரு நூலகம், பெயர் வேண்டாம். அங்கே ஸ்ரீபுராணம் கேட்டேன். அறுபத்து மூன்று மகாபுருஷர் வரலாறு சொல்லும் எங்கள் மணிப்பிரவாள நூல். அட்டைக் காலத்தில் அதே இடத்தில் எடுத்துப் படித்திருக்கிறேன். பணியில் இருந்தது ஒரு வங்காளி இளைஞர். "நேய் காகு, கம்ப்யூட்டரில் இல்லை" என்றார். நானே தட்டிப் பார்த்தேன், இல்லை. அலமாரிக்குப் போய்ப் பார்த்தால் சுவடு போல உட்கார்ந்திருக்கிறது!

விஷயம் பிறகுதான் விளங்கிற்று. 'ஸ்ரீ' என்ற ஒரே எழுத்தை யூனிகோட்டில் இரண்டு விதமாக அடிக்கலாம். பழைய வழக்கத்தில் 'ஸ்' என்பதோடு 'ரீ' சேர்ப்பார்கள். 2005-இல் வடமொழி 'ஶ' யூனிகோடில் சேர்ந்த பிறகு அந்த 'ஶ்' என்பதோடு 'ரீ' சேர்ப்பது முறையானது. திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். உள்ளே இருக்கும் எண்கள் வேறு. பட்டியலில் ஏற்றியவர் ஒரு விதம், நான் தட்டியது மறு விதம். 'ஔவையார்' கதையும் இதேதான். 'ஔ' என்ற ஒரே எழுத்தாக அடிப்பவர் உண்டு. 'ஒ' அடித்துப் பக்கத்தில் 'ள' போடுபவரும் உண்டு. பார்வைக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. நான் காகிதத்தில் இரண்டையும் எழுதிக் காட்டினேன். தமிழ் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாத அந்தப் பையன் பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டு, தலைப்பு 'ஸ்ரீ'யில் தொடங்கும் பதிவுகளையெல்லாம் இரண்டு விதமாகவும் தேடிப் பார்த்துத் திருத்த ஆரம்பித்துவிட்டார். கற்றுக்கொள்ள மனசில்லை என்று பணியாளரைக் குறை சொல்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. அவர்களுக்குச் சொல்லித் தர ஆள்தான் இல்லை.

உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, உரையில் புரியாத சமயச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெளிந்தார். மகாவித்வானின் மாணாக்கர் வியாபாரிகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சந்தேகம் கேட்டார். கணினி முன் உட்காரும் வங்காளிப் பையனுக்கும் கேட்க ஒரு திண்ணை வேண்டாமா?

இனி ரோமன் எழுத்து. இந்திய மொழிகளை ரோமனில் எழுதும் முறை ஒன்றுக்குத் தேசிய நூலகத்தின் பெயரே வழங்குகிறது. இங்கே பி.எஸ். கேசவன் தலைமையில் 1958-இல் வெளிவரத் தொடங்கிய இந்திய தேசிய நூற்பட்டியல் எல்லா மொழி நூல்களையும் ரோமனில்தான் அச்சிட்டது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும், 1962 முதல் டெல்லியில் அலுவலகம் வைத்துத் தமிழ் நூல் வாங்கி, அப்படித்தான் பதிகிறது. இந்த முறைகளில் 'ச' வந்தால் எப்போதும் ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்துத்தான். நாம் செய்தித்தாள் பழக்கத்தில் சமணத்துக்கு 'எஸ்' போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. மேலே கோடு, கீழே புள்ளி இல்லாமல் தேடினாலும் பல மென்பொருள்கள் விட்டுக்கொடுக்கும். முதல் எழுத்து மாறினால் விட்டுக்கொடுக்காது. வெளிநாட்டு நூலகங்களில் தமிழ் நூல் தேடும் நம் பிள்ளைகள் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ரோமன் ஒரு பக்கம் இருக்க, தாய்மொழி எழுத்துக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். மார்க் 21 என்ற பதிவு முறையில் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண். 100 என்றால் ஆசிரியர், 245 என்றால் தலைப்பு. 880 என்றால், அதே செய்தி வேறு எழுத்தில். தமிழில் அடித்த தலைப்பு 880-இல் போய் ரோமன் தலைப்போடு கட்டுண்டு நிற்கும். 880 நிரப்பப்படாத பதிவைத் தமிழில் தேடவே முடியாது. அவசரத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டம்தான்.

மென்பொருளுக்குக் காசில்லை என்ற பேச்சு இப்போது செல்லாது. நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற வட்டாரத்து நூலகத்தார் செய்வித்து 2000 ஜனவரியில் ஓட விட்ட கோஹா இலவசம். கோஹா என்றால் அவர்கள் மாவோரி மொழியில் கொடை. யூனிகோடு தமிழை ஏற்கும். வேறு நூலகம் ஏற்கனவே செய்த பதிவை இணையம் வழி இழுத்து, திருத்திச் சேர்த்துக்கொள்ளவும் அதில் வழி உண்டு. அதைச் செய்யும்போதுதான் எச்சரிக்கை வேண்டும். பிறர் செய்த பிழையும் சேர்ந்தே வரும்.

பயிற்சி எப்படி நடக்க வேண்டும் என்பதற்குச் சென்னையில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிற்று. கடல் கடத்திக்கொண்டு போகாமல் 1994-இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக வைத்தது. உள்ளூர்ப் பணியாளர்களே நுண்படம் எடுக்கவும் உலகத் தரத்தில் பட்டியலிடவும் செய்தார்கள். நுண்படம் போய் மின்பதிவு வந்ததும் அதையும் கைக்கொண்டார்கள். கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டே கற்ற கல்வி இது. கொல்கத்தா சால்ட் லேக்கில் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையும் பயிற்சிகளுக்கு உதவுகிறது. 2012-இல் அமைந்த தேசிய நூலக இயக்கத்தின் வேலைகளில் பணியாளர் பயிற்சியும் ஒன்று. ஆனால் எந்த மொழிக்கும் பொதுவாக நடத்தும் மூன்று நாள் வகுப்பில் 'ஸ்ரீ' பற்றியும் நயினார் பற்றியும் யார் பேசப் போகிறார்கள்?

பழைய நூலைப் படமெடுத்து எழுத்தாக மாற்றும் கருவிகள் இப்போது தமிழை நன்றாகவே படிக்கின்றன. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்தைச் சீர்திருத்துவதற்கு முன் அச்சான ணை, லை, றா போன்ற பழைய வடிவங்களில்தான் தடுக்கி விழும். பழைய 'லை'க்குத் தும்பிக்கை இருந்தது என்பதே இன்றைய பையன்களுக்குத் தெரியாது. நம் வயசுக்காரர்கள் பள்ளியில் அதைத்தான் எழுதிப் படித்தோம்.

இந்த வருஷம் எங்கள் சங்கத்துப் பீரோவிலுள்ள புத்தகங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் பதிந்து வருகிறோம். காலேஜ் படிக்கும் பிள்ளைகள் கணினியில் தட்டுவார்கள். அறுபது தாண்டியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஆசிரியர் பெயர், ஊர், தகப்பனார் பெயர், வேறு பெயர் என்று சொல்லிக்கொண்டிருப்போம். ஒரு பெயருக்கு ஒரு பக்கம் என்று நோட்டு ஒன்றும் எழுதி வைக்கிறோம். அந்த நூலகத்துப் பையன் போன மாசம் வந்து அதில் இருபது பக்கம் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார். மீதியை அடுத்த ஞாயிறு வந்து எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.