காணி உரிமையும் காடும்: அமேசனில் கத்தோலிக்கச் சமூகங்களின் அனுபவம்

போர்த்துக்கேய மொழியில் 'கிரிலோ' என்றால் சில்வண்டு. பிரேசிலில் காணி அபகரிப்பைக் குறிக்கும் 'கிரிலாஜெம்' என்ற சொல் இதிலிருந்து வந்ததே. போலியாக எழுதிய காணி உறுதியைச் சில்வண்டுகளோடு ஒரு பெட்டியில் பூட்டி வைப்பார்கள். சில காலத்தில் தாள் மஞ்சளாகி, ஓரங்கள் அரிக்கப்பட்டு, பரம்பரை உறுதி போலத் தோற்றமளிக்கும். அமேசன் காட்டின் அழிவைப் புரிந்துகொள்ள இந்தப் பெட்டியிலிருந்து தொடங்கலாம்.

அழிவு ஓர் ஒழுங்கில் நடக்கிறது. முதலில் பெறுமதியான மரங்கள் வெட்டப்பட்டுக் கடத்தப்படும். எஞ்சியவற்றை வெட்டிச் சாய்த்து, கோடையில் தீ வைப்பார்கள். சாம்பல்மேல் புல் விதைத்து மாடுகளை விடுவார்கள். பின்னர், 'இது நாங்கள் பயன்படுத்தும் காணி' என்று போலி உறுதியுடன் உரிமை கோருவார்கள். அங்கு ஏற்கெனவே வாழ்ந்த மக்கள் ஆயுததாரிகளால் விரட்டப்படுவார்கள்.

இதற்கு வழி திறந்தது அரசுதான். 1964 முதல் 1985 வரை பிரேசிலை ஆண்ட இராணுவம், 1970இல் அமேசன் ஊடான நெடுஞ்சாலையை அமைக்கத் தொடங்கியது. 'மனிதரற்ற நிலம், நிலமற்ற மனிதருக்கு' என்பது அன்றைய சுலோகம். ஆனால், அந்த நிலத்தில் பூர்வகுடிகளும் இறப்பர் பால் எடுக்கும் குடும்பங்களும் வாழ்ந்துகொண்டிருந்தனர். வறட்சியால் வாடிய வடகிழக்கு ஏழைகள் கொண்டுவந்து குடியேற்றப்பட்டார்கள். வரிச்சலுகைகளோடு பெரும் பண்ணையாளர்களும் வந்தார்கள். சுலோகம் ஏழைகளின் பெயரால் எழுப்பப்பட்டது. காணியின் பெரும்பங்கு பண்ணையாளர்களுக்குப் போனது.

இந்த இடத்தில்தான் கத்தோலிக்கச் சமூகங்கள் வருகின்றன. அமேசன் மறைமாவட்டங்கள் மிகப் பரந்தவை. குருக்களோ மிகச் சிலர். ஆண்டுக்கு ஓரிரு தடவை மாத்திரமே குருவானவர் எட்டிப் பார்க்கும் கிராமங்கள் பல. எனவே மக்கள் தாங்களாகவே கூடி வேதாகமத்தை வாசித்தார்கள். அப்படியே தமது பிரச்சினைகளையும் பேசினார்கள். காணிதான் முதற்பிரச்சினை. தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்ட அக்காலத்தில், மக்கள் கூடக்கூடிய சில இடங்களில் ஒன்றாகச் சிற்றாலயம் இருந்தது.

1972இல் பூர்வகுடிகளுக்கான ஆணைக்குழுவும், 1975இல் காணிக்கான மேய்ப்புப்பணி ஆணைக்குழுவும் ஆயர்களின் ஆதரவுடன் உருவாகின. பின்னையது 1985 முதல் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. காணிப் பிணக்குகளில் யார் கொல்லப்பட்டார், எங்கே, எப்போது, எத்தனை குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன என்பதெல்லாம் அதில் பதிவாகின்றன. பதிவு செய்யப்படாத கொலை காலப்போக்கில் நடக்காத கொலையாக்கப்பட்டுவிடும் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பிரேசிலின் மேற்கெல்லை மாநிலமான ஆக்ரேயில், ஆயர் மோசிர் கிரெக்கியின் காலத்தில், திருச்சபை இறப்பர் தொழிலாளர் சங்கங்களுக்குத் துணைநின்றது. மரம் வெட்ட வருபவர்களின் முன்னால் பெண்களும் பிள்ளைகளுமாகச் சென்று மறித்து நிற்பது அவர்களின் போராட்ட முறை. சங்கத் தலைவர் சிக்கோ மென்டிஸ் 1988 டிசம்பர் 22 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். 1990இல் அவரது பெயரில் 9 இலட்சம் ஹெக்டேயருக்கும் அதிகமான காடு ஒதுக்கப்பட்டது. காட்டை அழிக்காமல் பால், விதை எடுத்து வாழும் உரிமை அங்குள்ள மக்களுக்கு உறுதிசெய்யப்பட்டது.

பாரா மாநிலத்தின் அனாபு பகுதியில் இதே வழியில் உழைத்தவர் அருட்சகோதரி டொரத்தி ஸ்டாங். அமெரிக்காவில் பிறந்து, 1966இல் பிரேசிலுக்கு வந்தவர். சிறு விவசாயிகள் ஒரு சிறு பகுதியில் பயிர்செய்து, பெரும்பகுதிக் காட்டைக் கூட்டாகப் பேணும் அரச குடியேற்றத் திட்டத்துக்காக அவர் பாடுபட்டார். அந்தக் காணியைப் பண்ணையாளர்கள் தமதென்றார்கள். கொலை மிரட்டல்கள் குறித்து அவர் அதிகாரிகளிடம் முறையிட்டும் பயனில்லை. 2005 பெப்ரவரி 12 அன்று, 73 வயதில், காட்டுப் பாதையில் ஆறு தடவை சுடப்பட்டு இறந்தார்.

உலகம் அதிர்ந்தது. அரசு சுமார் 2,000 படையினரை அனுப்பியது. சில நாட்களிலேயே சுமார் 38 இலட்சம் ஹெக்டேயர் காட்டைப் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக அறிவித்தது. ஓர் அருட்சகோதரி உயிரோடிருந்து கேட்டபோது அசையாத அரசு, அவரது மரணத்தின் பின் அசைந்தது.

நீதி மெதுவாக வந்தது. சுட்டவர்கள் விரைவில் தண்டிக்கப்பட்டார்கள். கொலையை ஏவிய பண்ணையாளர்களில் ஒருவர் 2007இல் தண்டிக்கப்பட்டு, 2008இல் விடுவிக்கப்பட்டு, 2010இல் மீண்டும் 30 ஆண்டுச் சிறை பெற்றார். அதே ஆண்டு அதே தண்டனை பெற்ற மற்றவர், மேன்முறையீடுகளால் வெளியே வந்து, 2019இல் மீண்டும் சிறைக்கு அனுப்பப்பட்டார். அதற்குள் 14 ஆண்டுகள் கடந்திருந்தன.

திருச்சபையின் கடந்தகாலமும் சுத்தமானதல்ல. குடியேற்றவாதிகளின் கப்பல்களிலேயே அதன் மறைபரப்பாளர்களும் வந்தார்கள். பூர்வகுடிகளுக்கு இழைக்கப்பட்ட தவறுகளுக்காகப் பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் பொலிவியாவில் மன்னிப்புக் கேட்டார். அதற்கு முந்தைய ஆண்டே அமேசனின் ஒன்பது ஆட்புலங்களையும் இணைக்கும் திருச்சபை வலையமைப்பு உருவாகியிருந்தது. 2019 ஒக்டோபரில் வத்திக்கானில் அமேசனுக்கான ஆயர் மாமன்றம் கூடியது. பூர்வகுடிப் பிரதிநிதிகளும் அங்கு பேசினார்கள்.

மாமன்றங்களும் சுற்றுமடல்களும் தாமாக ஒரு மரத்தையும் காப்பாற்றுவதில்லை. செய்மதிப் படங்களைப் பார்த்தால் எது காப்பாற்றுகிறது என்பது தெரியும். சட்டப்படி உறுதிசெய்யப்பட்ட பூர்வகுடிப் பிரதேசங்கள் பச்சையாக நிற்கின்றன. பல இடங்களில் அவற்றின் எல்லைக்கு அப்பால் மேய்ச்சல் நிலம் தொடங்குகிறது. உரிமையோடு மக்கள் வாழும் இடத்தில் காடும் வாழ்கிறது. ஆகவே காணிக்கான போராட்டத்தைத் தவிர்த்துவிட்டு மரநடுகை மட்டும் செய்யும் எந்தச் சமயமும், எந்த அரசும், பிரச்சினையின் வேரைத் தொடுவதில்லை.

அனாபுவில் கொலைகள் இன்னும் ஓயவில்லை. டொரத்தி ஸ்டாங்கின் கல்லறையருகே ஒரு சிவப்புச் சிலுவை நிற்கிறது. அவருக்குப் பின்னர் அங்கு காணிக்காகக் கொல்லப்பட்டவர்களின் பெயர்களை ஊர்மக்கள் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள்.